பள்ளியில் கிரிஸ்பர் கிட் வைத்து ஜீன் எடிட்டிங் செய்யலாமா?

திருமங்கலம்_டீச்சர்:
வணக்கம். எங்க பள்ளியில பத்து, பதினொன்னு பிள்ளைகளுக்கு உயிரியல் மன்றம் நடத்துறோம். வெளிநாட்டுத் தளம் ஒன்றில் 'வீட்டிலேயே செய்யும் கிரிஸ்பர் கிட்' விற்கிறார்கள் (கிரிஸ்பர் என்பது ஜீனைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டி மாற்றும் கருவி). இ.கோலை பாக்டீரியாவில் ஒரு ஜீனை மாற்றி, ஸ்ட்ரெப்டோமைசின் மருந்திலும் அதை வளரவைப்பதுதான் சோதனை. 2022-க்குப் பிறகு ஜீன் எடிட்டிங்குக்கு அனுமதி தேவையில்லை என்கிறார்களே, வரவழைக்கலாமா? கூடாதென்றால், ஐயாயிரம் ரூபாய்க்குள் பிள்ளைகள் கையாலேயே செய்ய என்ன இருக்கு? பெற்றோரில் பாதிப் பேர் பருத்தி போடுறவங்க. பி.டி. விதை (காய்ப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா ஜீன் சேர்த்தது) பற்றிக் கேட்டால் பாடப்புத்தகப் பதிலோடு நிறுத்த எனக்கு மனசில்லை.

ஆய்வகத்தான்:
வரவழைக்க வேண்டாம் டீச்சர். 2022 மார்ச்சில் வந்த தளர்வு செடிகளுக்கு மட்டும்தான். அதிலும் வெளி ஜீன் எதுவும் தங்காத எஸ்டிஎன்-1, எஸ்டிஎன்-2 வகைக்கு மட்டும். 2025 மே மாதம் அறிவித்த இரண்டு நெல் ரகங்கள் அந்த வழியில் வந்தவை. பாக்டீரியாவுக்கு 1989 விதிகள் அப்படியே இருக்கு. மரபு மாற்றிய நுண்ணுயிரை இறக்குமதி செய்ய, வைத்திருக்க, பயன்படுத்த எல்லாத்துக்கும் உயிரிப் பாதுகாப்புக் குழு வழியா அனுமதி வேணும். பள்ளியில் அந்தக் குழு கிடையாது.

சட்டம் இல்லாட்டியும் நான் வேண்டாம்னுதான் சொல்வேன். 2017-ல் ஜெர்மனியில் இந்த மாதிரி கிட்களைச் சோதித்தபோது, தீங்கில்லாத இ.கோலை மட்டும் இருக்கவேண்டிய குழாயில் பல மருந்துகளுக்கு அடங்காத நோய்க்கிருமிகளும் கலந்திருந்தன. ஆய்வக இ.கோலை மனிதக் குடலில் நிலைக்காது, உண்மைதான். ஆனால் கிரிஸ்பரை உள்ளே கொண்டுபோகும் பிளாஸ்மிடில் (வட்டமான சிறு டிஎன்ஏ) மருந்து எதிர்ப்பு ஜீன் அடையாளத்துக்காக வைத்திருப்பார்கள். பிளாஸ்மிட் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது. அதைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டால் திரும்ப எடுக்க வழியே இல்லை.

பிள்ளைகள் அசல் வேலையைப் பார்க்கணும்னா, காமராசர் பல்கலைக்கழக உயிரித் தொழில்நுட்பத் துறைக்கும் ஒத்தக்கடை வேளாண் கல்லூரிக்கும் தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு கடிதம் போடுங்க.

ஜெல்_ராணி:
ஐயாயிரத்தில் தாராளமாச் செய்யலாம், மேடம். முதலில் டிஎன்ஏ பிரிப்பது. 100 மில்லி தண்ணீரில் ஒன்றரை கிராம் உப்பு, 10 மில்லி பாத்திரம் தேய்க்கும் திரவம். அரை வாழைப்பழத்தைக் கையால் மசித்து இதில் கலந்து பத்து நிமிஷம் விட்டு, வேட்டித் துணியில் வடிகட்டுங்க. மிக்ஸியில் அடிச்சா இழைகள் துண்டுதுண்டாகிடும். வடிச்ச அளவுக்கே, ஃப்ரீசரில் வைத்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் குழாயின் ஓரமா மெதுவா விடுங்க. 99 சதவீதம் வேணும். கை சுத்தம் செய்ய விற்கும் 70 சதவீதத்தில் தண்ணீர் அதிகம், சரியாப் பிரியாது. ஒரு விஷயம் பிள்ளைகளிடம் நேர்மையாச் சொல்லணும்: மேலே பஞ்சு மாதிரி மிதப்பதில் பெக்டினும் நிறைய இருக்கு, முழுக்க டிஎன்ஏ இல்லை. ஆட்டு ஈரலில் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது ஜெல், அதாவது மின்சாரத்தால் மூலக்கூறுகளை ஜெல்லுக்குள் ஓடவிட்டுப் பிரிப்பது. ஆய்வகத்தில் ஜெல் செய்யும் அகரோஸ் விலை அதிகம், சாயம் பிரிக்கக் கடல்பாசியே (அகர்-அகர்) போதும். ஜிகர்தண்டாவுக்குப் போடும் பாதாம் பிசினைத் தவறி வாங்கிடாதீங்க, அது ஊறுமே தவிர ஜெல்லா உறையாது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு லிட்டரில் 2 கிராம் சமையல் சோடா. அதில் 100 மில்லிக்கு ஒரு கிராம் கடல்பாசி சேர்த்துத் தெளியும்வரை காய்ச்சி, குழி விழுவதற்காகச் சீப்பு நிறுத்திய சோப்பு டப்பாவில் ஊற்றுங்க. உறைந்தபின் சீப்பை எடுத்துவிட்டு, மீதி சோடா நீரில் ஜெல்லை மூழ்கவைத்து, ஐந்து 9 வோல்ட் பேட்டரியைத் தொடரில் இணைத்தால் 45 வோல்ட். மின்முனைக்குப் பென்சில் கரி அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். செம்புக்கம்பி கரைந்து ஜெல்லே நீலமாகிடும். சமையல் பச்சைக் கலரைக் கெட்டிச் சர்க்கரைப் பாகில் கலந்து எதிர்முனைப் பக்கக் குழியில் விட்டால், முக்கால் மணி நேரத்தில் மஞ்சளும் நீலமும் பிரிந்து நேர்முனைக்கு ஓடும். டிஎன்ஏவும் எதிர்மின்னூட்டம் உள்ளது, அதே திசைதான்.

போர் தண்ணீரோ உப்புத் தண்ணீரோ வேண்டாம். மின்னோட்டம் ஏறிச் சூடாகி ஜெல் உருகும், குளோரின் வாயுவும் வரும். டப்பாவை மூடாதீங்க, பக்கத்தில் தீ கூடாது. வீட்டு மின்சாரத்தை எந்தக் காரணத்துக்கும் இணைக்கக் கூடாது.

கரிசல்_விவசாயி:
பருத்திக்காரப் பிள்ளைகளுக்கு ஸ்ட்ரிப் சோதனை வைங்க டீச்சர், செடியில் பி.டி. புரதம் இருக்கான்னு காட்டும் பட்டை அது. இளம் இலையில் ஒரு துண்டை (அல்லது ஒரே ஒரு விதையை) கூடவே வரும் பஃபர் அரை மில்லியில் நசுக்கி, பட்டையை நிறுத்தி பத்து நிமிஷம் பார்க்கணும். மேல் கோடு மட்டும் வந்தால் அந்தப் புரதம் இல்லை, ரெண்டு கோடுன்னா இருக்கு. மேல் கோடே வரலைன்னா பட்டை கெட்டது. பழுத்த இலையில் புரதம் குறைவு, ஏமாத்தும்.

இதோட நிறுத்தாமல், பி.டி. ஏன் சறுக்கியதுன்னும் பேசணும். 2002-ல் வந்தது ஒரு ஜீன், 2006-ல் ரெண்டு ஜீன். பச்சைக்காய்ப்புழு நல்லாவே அடங்கியது. ஆனால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு நம்ம ஊரில் பருத்தியை நம்பியே வாழுது. சாதா புழுவும் கொஞ்சம் பிழைக்கட்டும்னு, 450 கிராம் பி.டி. விதையோட ஓரத்தில் போடச் சொல்லி 120 கிராம் சாதா விதை தந்தாங்க. இடம் வீணாகுதுன்னு பலரும் போடலை. தாங்கும் புழுவோடு இணைசேர சாதா புழு மிஞ்சலை, எதிர்ப்பு பரவிருச்சு. கத்திரியிலும் நம்ம எம்டியூ-1 ரகத்துக்குள் பி.டி. ஜீனைச் சேர்த்திருந்தாங்க. 2010 பிப்ரவரியில் அதை நிறுத்தி வச்சாங்க. பங்களாதேஷ் 2013-ல் தன் ரகங்களுக்கு அனுமதி கொடுத்தது. ஜீனைக் கையாளத் தெரிந்தது பாதிதான். வயலில் அதை எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதையும் பிள்ளைகள் கற்கணும்.

திருமங்கலம்_டீச்சர்:
ரொம்ப நன்றி. கைரேகையை அகர் தட்டில் ஒற்றிக் கிருமி வளர்ப்பது பரவாயில்லையா?

ஆய்வகத்தான்:
செய்யலாம், ஆனால் ஒற்றியதும் நாலு பக்கமும் டேப் ஒட்டுங்க, அப்புறம் திறக்கவே கூடாது. 37 டிகிரியில் வைக்க வேண்டாம், உடம்புச் சூட்டுக்குப் பழகிய கிருமிதான் அதில் நல்லா வளரும். அறை வெப்பமே போதும். மருந்து கலந்த தட்டு வேண்டாம். முடிந்ததும் டேப்போடு, வெப்பம் தாங்கும் பையில் போட்டுக் குக்கரில், விசில் வந்தபின் அரை மணி நேரம். அந்தக் குக்கரில் 'ஆய்வகம்' என்று எழுதி வைங்க, அடுப்படிக்குத் திரும்பப் போகக் கூடாது.