டிஓஐ திறக்குது, ஆனா கட்டுரை அதுதானா? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

நூலகர், அரசு உதவி பெறும் கல்லூரி:
ஆய்வேடு சமர்ப்பிக்கும் சமயத்தில் துணைநூற்பட்டியல்கள் என் மேசைக்கு வரும். சமீபத்தில் வந்த ஒரு மாணவியின் பட்டியலில் ஆசிரியர், இதழ், பக்க எண், டிஓஐ (கட்டுரைக்கான நிரந்தர இணைய அடையாள எண்) எல்லாம் கச்சிதமாக இருந்தன. ஒரு எண் 10.1016 என்று தொடங்கியது. எல்சேவியர் பதிப்பகத்துக்கு உரிய முன்னொட்டுதான். சொடுக்கினேன், திறந்தது. ஆனால் வந்தது நிலத்தடி நீர் பற்றிய கட்டுரை. பட்டியலில் இருந்ததோ கர்ப்பிணிகளின் ரத்தசோகை. தலைப்பை, டிஓஐ பதிவு செய்யும் அமைப்பான கிராஸ்ரெஃபின் தேடலில் போட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு கட்டுரையே இல்லை. சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்கியதாக அந்தப் பெண் பிறகு சொன்னாள். செத்த இணைப்பு என்றால் உடனே மாட்டிக்கொள்ளும், வேறு கட்டுரைக்குப் போகிற எண்தான் கண்ணுக்குத் தப்பிவிடும். தலைப்பு, முதல் ஆசிரியர், ஆண்டு மூன்றும் ஒத்துப்போகாமல் நான் இப்போது எதையும் விடுவதில்லை.

சமூக மருத்துவம், முதுநிலை மாணவர்:
மூன்றும் ஒத்துப்போனாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது மேடம். எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட 1998ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழ்க் கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. டிஓஐ இன்றும் வேலை செய்கிறது, செய்யவும் வேண்டும். அந்தப் பக்கத்துக்குப் போனால்தானே திரும்பப் பெற்ற விவரம் தெரியும்! பழைய பட்டியலிலிருந்து எண்ணை மட்டும் பெயர்த்து ஒட்டுகிறவருக்கு அது தெரியாமலே போகும். ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெற்ற கட்டுரைகளின் தரவுத்தளத்தை 2023இல் கிராஸ்ரெஃப் வாங்கி எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. மேற்கோள்களைத் தொகுக்கும் ஸொடேரோ மென்பொருள் வைத்திருந்தால் அதுவே சிவப்புப் பட்டையில் எச்சரிக்கும். இன்னொன்று, அந்த லான்செட் கட்டுரையின் எண்ணுக்கு நடுவில் அடைப்புக்குறிக்குள் 97 என்று வரும். அடைப்புக்குறியோடு இணைப்பு அறுந்துபோய் நிற்பதைச் சில கோப்புகளில் பார்த்திருக்கிறேன். முழுதாக நகலெடுங்கள்.

தமிழாய்வு இதழ் ஆசிரியர் குழு:
எங்கள் பக்கம் கதை வேறு. ஓர் இதழ் ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் டிஓஐ அச்சிட்டிருந்தது. எதைத் தட்டினாலும் ‘டிஓஐ நாட் ஃபவுண்ட்’. எண்ணை அச்சிட்டவர்கள் பதிவு செய்யவே இல்லை. கட்டுரையாளர்கள் பாவம், பதவி உயர்வுக்கு அதைத்தான் காட்டியிருக்கிறார்கள். பதிவான எண் என்றாலும் அது கட்டுரை தரமானது என்பதற்குச் சான்று ஆகாது. போலி இதழ்களும் காசு கட்டி வாங்குகின்றன. எங்களுக்கு அனுப்புகிறவர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: டிஓஐ இருந்தால் ‘எச்டிடிபிஎஸ்’ தொடங்கி முழு இணைப்பாகக் கொடுங்கள், கடைசியில் முற்றுப்புள்ளி வேண்டாம். டிஓஐ இல்லாத கட்டுரைக்கு இதழ், தொகுதி, பக்கம் போதும். பழைய தமிழ் ஆய்விதழ்களில் பெரும்பாலானவற்றுக்கு டிஓஐ கிடையாது, அதனால் அவற்றை விட்டுவிட வேண்டியதில்லை.

நூலகர்:
சார், அந்த ‘நாட் ஃபவுண்ட்’ பக்கத்திலேயே பிழையைத் தெரிவிக்கப் படிவம் இருக்கிறது. கட்டுரையாளர்களை நிரப்பி அனுப்பச் சொல்லுங்கள்.