நிறை மாறா விதியா, நிறை மாறாமை விதியா?

கடலூர் முதுநகரிலிருந்து:
அன்பர்களுக்கு வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கான செய்முறைத் தாளை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கணும். பனிக்கட்டி உருகினாலும் மெக்னீசியம் எரிந்தாலும் மொத்த நிறை அப்படியே இருக்கும் என்ற விதியை எந்தப் பெயரில் போடுவது? ஒரு நூலில் 'பொருண்மை அழியா விதி', இன்னொன்றில் 'நிறை மாறா விதி', இலங்கை நூல்களில் 'திணிவுக் காப்பு விதி'. பிள்ளைகள் இவற்றை வெவ்வேறு விதிகள் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

முத்தியால்பேட்டையிலிருந்து:
ஐயா, 'மாறா' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், அதாவது 'மாறாத' என்பதன் ஈறு கெட்டு, அடுத்து வரும் பெயரைத் தழுவி நிற்கும் சொல். பெயரெச்சம் கொள்ளும் பெயர்கள் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என ஆறு என்கிறது நன்னூல். 'மழை பெய்யா நாள்' சரி, நாள் காலப்பெயர். 'நிறை மாறா விதி'யில் விதி இந்த ஆறில் எது? மாறாதது விதி என்றுதான் படிக்கத் தோன்றுகிறது. தொழிற்பெயராக்கி 'நிறை மாறாமை விதி' என்று போடுங்கள், சிக்கல் தீர்ந்தது. பொருண்மை வேண்டவே வேண்டாம். தொல்காப்பியத்தில் அது சொல்லின் பொருளைக் குறிக்கும்.

வில்லியனூரிலிருந்து:
'நிறை'யையும் கொஞ்சம் யோசியுங்கள் அண்ணே. நிறு என்பதிலிருந்து வந்தது, தராசுக்கே நிறைகோல் என்று பெயர். அதாவது பழைய பொருள் எடைதான். இலங்கையில் இன்றும் எடையைத்தான் நிறை என்கிறார்கள், அதனால்தான் நாம் நிறை என்னும் mass-க்கு அவர்களிடம் திணிவு. காப்பு என்பதையும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். சக்திக் காப்பு, உந்தக் காப்பு, திணிவுக் காப்பு என்று ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது. அப்புறம், இந்த விதியை நிறுவிய பிரெஞ்சு வேதியியலாளரின் பெயரைத் தாளில் 'லவாய்சியர்' என்று போடாதீர்கள். பிரெஞ்சில் அது லவுவாசியே. புதுச்சேரிக்குப் பக்கத்திலிருந்து வரும் தாளில் ஆங்கில வாய் எதற்கு?

முத்தியால்பேட்டையிலிருந்து:
நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காப்பு என்றால் கையில் போடுவது, திருவிழாவுக்குக் கட்டுவது. அதைக் கொண்டு விதி கற்பிப்பது கடினம். பெயரொலிப்பில் உங்கள் பக்கம்தான் நான்.

நெய்வேலியிலிருந்து:
பெயரைவிட நிபந்தனை முக்கியம். எங்கள் பிள்ளைகள் நிலக்கரி எரிந்து சாம்பலாவதைக் கேட்டு வளர்ந்தவர்கள். 'அழியா' என்றால், "சாம்பல் கொஞ்சம்தானே சார் இருக்கு, மீதி எங்கே?" என்பார்கள். 12 கிலோ கார்பன் 32 கிலோ ஆக்சிஜனோடு சேர்ந்து 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் புகைபோக்கி வழியே போய்விடுகிறது. மூடிய கலத்தில் எரித்தால்தான் கணக்கு கண்ணில் படும். 1789இல் லவுவாசியே (இனி அப்படியே எழுதுகிறேன்) நூலாக வெளியிட்டதன் அடிப்படையும் மூடிய கலமும் தராசும்தான். 'மூடிய' என்பதைத் தாளில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

இன்னொன்று: சோடா உப்பையும் வினிகரையும் பலூன் கட்டிய புட்டியில் கலந்து காட்டாதீர்கள். பலூன் உப்பும்போது காற்றின் மிதப்பு விசை கூடி, நுண்ணிய தராசில் அளவு குறைந்து தெரியும். கூர்மையான பிள்ளை ஒன்று "விதி பொய்" என்று சொல்லிவிடும். கூம்புக் குடுவையில் சோடியம் சல்பேட் கரைசல், உள்ளே நூலில் தொங்கும் சிறு சோதனைக் குழாயில் பேரியம் குளோரைடு. தக்கையால் அடைத்து எடை போடுங்கள். பிறகு சாய்த்தால் பால் மாதிரி வெள்ளை வீழ்படிவு விழும், வாயு எதுவும் வராது. திரும்ப எடை போட்டால் அதே அளவு. பேரியம் குளோரைடு நஞ்சு, அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளணும்.

கடலூர் முதுநகரிலிருந்து:
பலூன் படம் வரைந்தே வைத்திருந்தேன், எடுத்துவிடுகிறேன். தலைப்பு 'நிறை மாறாமை விதி', கீழே சிறிய எழுத்தில் 'நிறை மாறா விதி என்றும் வழங்கும்'. தேர்வில் எந்தப் பெயர் வந்தாலும் பிள்ளைகள் திகைக்கக் கூடாது, அதற்காகத்தான். மேற்கொண்டு யாரும் மறுக்கவில்லை என்றால் இதையே அனுப்புகிறேன்.

வில்லியனூரிலிருந்து:
அனுப்புங்கள் ஐயா, தாள் நிற்க வேண்டாம். ஆனால் மாறாமை என்பது நிறை ஒரு மாற்றத்திலும் கலந்துகொள்ளவில்லை என்ற எண்ணத்தைத் தருகிறது. மெக்னீசியத்தின் நிறையும் ஆக்சிஜனின் நிறையும் சேர்ந்துதான் சாம்பலின் நிறை, கூட்டுத்தொகைதான் காக்கப்படுகிறது. அடுத்த பதிப்புக்குக் காப்பையே மறுபடி முன்வைப்பேன்.