மறுமணக் குடும்பத்தைப் படமாக்கும்போது எங்கே சறுக்குகிறது?

வளவுவாசல் கேட்டது:
காரைக்குடியில் ஒரு பழைய வளவு (நடு முற்றம்) வீட்டில் 25 நிமிடக் குறும்படம். விவாகரத்தான பெண், 9 வயது மகள். அம்மா மறுமணம் செய்துகொண்டு புது மாப்பிள்ளை வீட்டுக்கு மகளோடு வருகிறாள். மாப்பிள்ளைக்கு வயது 28. குழந்தையைச் சட்டப்படி தத்தெடுத்து அவன் கையெழுத்துப் போடுவதோடு படம் முடிகிறது. கொடுமைக்காரச் சித்தி மாதிரியான ஆள் யாரும் இல்லை. ஆனாலும் படித்தவர்கள் எல்லாரும் "எங்கயோ பார்த்த மாதிரி இருக்கு" என்கிறார்கள். எங்கே தட்டுகிறது?

மூணாம்ரீல்:
கொடுமையை எடுத்துட்டா மட்டும் புதுசாகாதுங்க. நல்ல சித்தி 1966லயே ‘சித்தி’யில் பத்மினியா வந்தாச்சு. சொத்துக்கு அலையும் சித்தி 1987ல ‘எங்க சின்ன ராசா’வில் வந்து, இந்திக்கும் போயாச்சு. நீங்க மாட்டுற இடம் வேற: மூணாவது ஆள்.

பழைய துணை உயிரோட இருந்தா திரைக்கதைக்கு இடைஞ்சல். அதனால படம் தொடங்கும் முன்னாடியே போட்டோவுக்கு மாலை போட்டுடுவாங்க. ‘ரிதம்’ (2000) நல்ல படம்தான், ஆனா நாயகனும் நாயகியும் துணையைப் பறிகொடுத்தது ஒரே ரயில் விபத்தில். ‘என்னை அறிந்தால்’ (2015) படத்தில் ஹேமானிகா விவாகரத்தானவர். கல்யாணத்துக்கு முன்னாடியே கொலையாகிறார். அவர் குழந்தையை வளர்க்கிற நாயகன் சட்டப்படி அதுக்கு யாருமே இல்லை, பெத்த தகப்பனைப் பத்தி யாரும் கவலைப்படவும் இல்லை. ஹாலிவுட் மட்டும் ஒழுங்கா? ‘ஸ்டெப்மாம்’ (1998) பெத்தவளையும் வந்தவளையும் அருமையா மோதவிட்டுட்டு, புற்றுநோயைக் கொண்டுவந்துதான் முடிச்சை அவிழ்த்தது. இதை நேரா எதிர்கொண்டது, சொன்னா சிரிப்பீங்க, ‘ஆன்ட் மேன்’ (2015). பெத்தவர் திருடர், வந்தவர் போலீஸ். கடைசியில் ரெண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிடுறாங்க.

உங்க கதையிலும் அப்பா உயிரோட இருக்கார். 25 நிமிஷத்தில் ஒரு போன்கூடப் பண்ணலையா? சனிக்கிழமை மகளைக் கூட்டிட்டுப் போக வரட்டும். முகப்புத் திண்ணையோட நிக்கணுமா, உள்ள வரலாமா? புது மாப்பிள்ளை செம்புல தண்ணி கொண்டாந்து நீட்டினா அவர் வாங்குவாரா? வசனமே வேண்டாம், ஒரு நிமிஷம் தாங்கும்.

இரண்டாங்கட்டு:
அந்தப் புள்ளை புது ஆளை என்னன்னு கூப்பிடுது? முதல் சீன்லயே "அப்பா"ன்னா படம் அங்கேயே முடிஞ்சுபோச்சு.

மாற்றாந்தாய்க்குத் தமிழில் பேர் இருக்கு, ஏச்சாவும் ஆயிடுச்சு. அந்த இடத்துல வர்ற ஆம்பளைக்கு வீட்டில் புழங்குற பேரே கிடையாது. மாற்றாந்தகப்பன்னு எழுதலாம், கூப்பிட முடியாது. சித்தப்பா, மாமா, அங்கிள் எல்லாம் இரவல். நகரத்தார் வீடா வச்சீங்கன்னா இன்னும் இறுகும்: அங்கே அப்பாவைக் கூப்பிடுற ‘அப்பச்சி’ங்கிற சொல்லுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கு, அம்மாதான் ‘ஆத்தா’. அதனால முதல் பாதி முழுக்க புது ஆளிடம் பேசுற வசனத்தைக் கூப்பிடுற சொல்லே இல்லாம எழுதிப் பாருங்க. "ஆத்தா சாப்பிட வரச் சொன்னாங்க", அவ்வளவுதான். கூப்பிடாமலே குழந்தை எப்படிச் சமாளிக்குதுன்னு பார்க்கிறவங்களே கண்டுபிடிச்சிடுவாங்க. கிளைமாக்ஸில் அந்தச் சொல்லைச் சொல்லவச்சுக் கண்ணீர் வாங்காதீங்க, புண்ணியமாப் போகும்.

வீட்டையும் சும்மா அழகுக்குக் காட்டாதீங்க. வளவைச் சுத்தி, கல்யாணமான பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு அறை, தனிச் சாவி. இந்தக் குழந்தையோட பள்ளிக்கூடப் பை எந்த அறையில் இருக்கு? முதல் பத்து நிமிஷம் அது வளவுத் தூணுல சாஞ்சே கிடக்கட்டும்.

தாலுகாகோர்ட்:
கடைசிக் காட்சி சட்டத்தில் நிற்காது. 1956 இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம், பிரிவு 11: ஆண் ஒருவர் பெண் குழந்தையைத் தத்தெடுக்க, வயது வித்தியாசம் குறைந்தது 21 இருக்க வேண்டும். உங்கள் கணக்கில் 28-க்கும் 9-க்கும் 19தான். எத்தனை வருடம் காத்திருந்தாலும் அது 19தான். பையனாக இருந்தால் இந்த விதி கிடையாது.

2015 சிறார் நீதிச் சட்டப்படி ‘காரா’ (தத்தெடுப்புக்கான மத்திய அரசு அமைப்பு) வழியாகப் போனால், மனைவியின் குழந்தையைத் தத்தெடுப்பதற்கு வயது நிபந்தனை தளர்கிறது. உத்தரவு மாவட்ட ஆட்சியரிடமிருந்து வரும். ஆனால் எந்த வழியில் போனாலும், உயிரோடு இருக்கும் பெற்ற தகப்பனின் சம்மதம் வேண்டும். மூணாம்ரீல் சொன்ன ஆள் எப்படியும் திரைக்கு வந்தாக வேண்டும்.

தத்து இல்லாமல் சும்மா சேர்ந்து வாழ்ந்தால், புது மாப்பிள்ளை உயில் எழுதாதவரை அவர் சொத்தில் அந்தக் குழந்தைக்கு வாரிசுரிமை இல்லை. இனிஷியல் காட்சி இருக்கிறதா? தந்தை இறந்தபின் மறுமணம் செய்த தாய்க்குக் குழந்தையின் குடும்பப் பெயரை முடிவுசெய்யும் உரிமை உண்டு என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் கதையில் தகப்பன் இருப்பதால் அதை அப்படியே வசனமாக்காதீர்கள்.

வளவுவாசல்:
அப்போ மாப்பிள்ளை வயசை 31 ஆக்கிட்டா போதும்தானே?

தாலுகாகோர்ட்:
வயது சரியாகும், சம்மதம் சரியாகாது. கடைசியில் பேனா யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். புது மாப்பிள்ளை போடுவது சாதாரணக் கையெழுத்து. பெற்றவர் போட்டால், சட்டத்தின் கண்ணில் அவர் அந்தக் குழந்தைக்குத் தகப்பன் இல்லை.

மூணாம்ரீல்:
திண்ணையிலேயே வச்சு எடுங்க. அந்தச் செம்புத் தண்ணியும் பக்கத்துல இருக்கட்டும், குடிச்சாரா இல்லையான்னு காட்டாதீங்க.

இரண்டாங்கட்டு:
ஒண்ணு விட்டுப்போச்சு. குழந்தை நடிக்க சிவகங்கை கலெக்டர் அனுமதி முன்கூட்டியே வாங்கணும். ஒரு நாளைக்கு 5 மணி நேரம், ஓய்வில்லாம 3 மணி நேரத்துக்கு மேல கூடாது. சம்பளத்தில் 20 சதவீதம் குழந்தை பேரில் டெபாசிட் போடணும். வளவு நடுவுல திறந்தது. உச்சி வெயில்ல கேமராவில் தரை வெறும் வெள்ளையாத் தெரியும். குழந்தை சீன் எல்லாத்தையும் காலையில் 7 மணிக்கே தொடங்கிடுங்க.