ஏடிஎஃப்பைக் கலைத்துவிடலாமா?

கொலம்பஸ்வாசி:
அமெரிக்காவில் துப்பாக்கி, வெடிமருந்து இரண்டையும் கண்காணிக்கும் மத்திய அமைப்பு ஏடிஎஃப். அதைக் கலைத்துவிடச் சொல்லி காங்கிரஸில் மசோதா கொண்டுவந்திருக்கிறார்கள். இங்கே குடியிருக்கும் நம்மவர்கள் என்ன நினைக்கிறீர்கள்? எனக்கு இது பெரிய ஆபத்தாகப் படுகிறது.

டெக்ஸஸ்காரன்:
கலைத்தால் எனக்கு வருத்தமில்லை. கைத்துப்பாக்கியை முன்கையோடு நிலையாகப் பிடிக்க அதன் பின்னால் மாட்டும் 'பிரேஸ்' என்ற துணைக்கருவிக்கு 2012-ல் சம்மதக் கடிதம் கொடுத்ததே அவர்கள்தான். அதை நம்பி லட்சக்கணக்கில் வாங்கினார்கள். 2023 ஜனவரியில், அதை மாட்டிய துப்பாக்கிகளில் பெரும்பாலானவை குட்டைக்குழல் ரைபிள்தான் என்று புது விதி போட்டார்கள். அப்படிப்பட்டதைப் பதிவு செய்யாமல் வைத்திருந்தால் 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 வருடம் வரை சிறை. காங்கிரஸ் ஒரு வரிகூட மாற்றாமலே, வீட்டில் சும்மா கிடந்த பொருள் குற்றமாகிவிட்டது! 2024-ல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ரைபிளை மெஷின் கன் போல வேகமாகச் சுட வைக்கும் 'பம்ப் ஸ்டாக்' துணைக்கருவிக்கு ஏடிஎஃப் போட்ட தடையையும் அதே வருடம் உச்ச நீதிமன்றம் 6-3 என்று தள்ளியது.

கொலம்பஸ்வாசி:
பிரேஸ் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம். ஆனால் பம்ப் ஸ்டாக் தடை ஏன் வந்தது? 2017-ல் லாஸ் வேகஸில் இசை விழாக் கூட்டத்தைச் சுட்ட கொலைகாரன் வைத்திருந்தது அதைத்தான். அப்புறம், வீட்டிலேயே பாகங்களைச் சேர்த்துச் சீரியல் நம்பர் இல்லாத துப்பாக்கி செய்துகொள்ளும் 'கோஸ்ட் கன்' கிட்டுகளுக்கான ஏடிஎஃப் விதியை 2025-ல் அதே உச்ச நீதிமன்றம் 7-2 என்று ஏற்றதை விட்டுவிட்டீர்களே.

கொலை நடந்த இடத்தில் கிடைக்கும் துப்பாக்கி யாருடையது என்று எப்படித் தெரிகிறது? சீரியல் நம்பர் மேற்கு வர்ஜினியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள ஏடிஎஃப் மையத்துக்குப் போகும். அங்கிருந்து தயாரிப்பாளரைக் கேட்பார்கள், பிறகு மொத்த வியாபாரியை, பிறகு கடையை. கடை மூடியிருந்தால் அதன் பழைய பதிவேடுகள் இந்த மையத்தில்தான் இருக்கும். ஸ்கேன் செய்த பக்கங்களை ஊழியர் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வாங்கியவர் பெயரைத் தட்டித் தேட வழியே இல்லை. இந்த வேலையைக் கலைத்தால் போலீஸ் யாரிடம் போவார்கள்?

டெக்ஸஸ்காரன்:
பெயர் தேட வழியில்லாதது காரணத்தோடுதான். துப்பாக்கி வைத்திருப்போரின் மத்தியப் பட்டியல் கூடாது என்று 1986 சட்டம் சொல்கிறது. அது இருக்கட்டும், 1993-ல் டெக்ஸஸின் வேக்கோவில் ஒரு மதக்குழுவின் வளாகத்தில் ஏடிஎஃப் நடத்தி உயிர்ப்பலியில் முடிந்த சோதனை, மெக்சிகோ கும்பல்களுக்குத் துப்பாக்கி போவதைப் பார்த்துக்கொண்டே விட்ட 'ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்' என்ற ஏடிஎஃப் நடவடிக்கை... இவ்வளவுக்குப் பிறகும் எப்படி நம்புவது?

குவாரி கணக்கர்:
துப்பாக்கியிலேயே நிற்கிறீர்கள். நான் குவாரிகளுக்கு வெடிமருந்து தரும் இடத்தில் கணக்கு பார்க்கிறேன். ஒரு டெட்டனேட்டர் காணாமல் போனால்கூட, தெரிந்த 24 மணி நேரத்துக்குள் ஏடிஎஃப்புக்குச் சொல்லியாக வேண்டும். கிடங்கை ஏழு நாளுக்கு ஒரு முறையாவது நாங்கள் பார்க்க வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒரு முறையாவது அவர்கள் வந்து சோதிக்க வேண்டும். துப்பாக்கிக் கடைக்கு இப்படிக் கட்டாயக் கெடுவே கிடையாது. பல கடைகளுக்கு வருடக்கணக்கில் யாரும் வருவதில்லை. பலவீனம் அங்கே இருக்கிறது.

டெக்ஸஸ்காரன்:
வெடிமருந்தில் நானும் உங்கள் பக்கம். அந்தச் சோதனையும் சீரியல் நம்பர் தேடுவதும் எஃப்பிஐயிடம் போகட்டும். எது குற்றம் என்பதைக் காங்கிரஸ் எழுதட்டும்.

கொலம்பஸ்வாசி:
சரி, அந்த வேலைகளை எஃப்பிஐக்கு மாற்றும் பிரிவு முதலில் மசோதாவில் வரட்டும். அதுவரை என் பிரதிநிதிக்கு 'எதிர்த்து வாக்களியுங்கள்' என்றுதான் எழுதுவேன்.