ஹைவ் செயின்ல நம்ம ஊர் சாமான் விக்க ஒரு மார்க்கெட்பிளேஸ்: எஸ்க்ரோவுக்கு ஏஜென்டா ஆரப் போடுற?

கல்லாத்துப் பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். கொஞ்சம் நீளமா இரிக்கும், கோவிக்காம வாசிங்க. நான் வந்தாறுமூலை கெம்பஸ்ல கடைசி வருசம். ஃபைனல் ப்ரொஜெக்ட மார்க்ஸுக்கு மட்டும் செஞ்சு மூலையில போடாம, உண்மையா நாலு பேர் பாவிக்கிற மாதிரி செய்யணும் எண்டு ஒரு ஆசை.

எங்கட சித்தி பன்பாயும் பெட்டியும் இழைச்சு விக்கிறவ. சோஷியல் மீடியாவில ஒரு பேஜ் வச்சிருந்தா, அஞ்சு வருசமா சேத்த கஸ்டமர், ரிவியூ, ஃபோட்டோ எல்லாம் அதிலதான். போன வருசம் ஒரு நாள் காலம எழும்பி பாத்தா பேஜ் இல்ல. ஆரோ ரிப்போட் அடிச்சிரிக்காங்க, ஏன் எதுக்கு எண்டு இண்டைக்கு வரைக்கும் பதில் இல்ல. அதுக்குப் பிறகுதான் ஆராலயும் அழிக்க ஏலாத ஒரு இடத்தில இத வச்சா என்ன எண்டு யோசிச்சன்.

ஸ்டீம், ஹைவ் எண்டு ரெண்டு பிளாக்செயின் இரிக்கு (கன கம்பியூட்டர்ல ஒரே பதிவேடா ஓடுறது, எழுதினத பிறகு அழிக்க ஏலா), ரெண்டையும் பாத்து ஹைவ்ல செய்வம் எண்டு நினைக்கிறன். எதீரியம் செயின் மாதிரி ஒவ்வொரு கிளிக்குக்கும் கேஸ் ஃபீஸ் எண்டு காசு கட்டத் தேவல்ல, கணக்கில ஹைவ் பவர் (பூட்டி வச்சிரிக்கிற ஹைவ் காசு) இருந்தா அதுக்கேத்த ரிசோர்ஸ் கிரெடிட், அதாவது செயின்ல எழுதுறதுக்கான அளவு, தானா நிரம்பும். 3 செக்கனுக்கு ஒரு பிளாக், எழுதினது அந்தக் கையோட பதிஞ்சிரும். பின்தொடர்றது, கொமண்ட், வோட் எல்லாம் ஏற்கனவே இரிக்கு, நான் புதுசா கட்டத் தேவல்ல. எச்பிடி எண்டு டொலர் விலையோட ஒட்டி நிக்கிற காசும் இரிக்கு. எல்லாத்துக்கும் மேல எஸ்க்ரோ (சாமான் கிடைக்கும் வரைக்கும் காச நடுவில பூட்டி வைக்கிறது) செயினுக்குள்ளயே இரிக்கு, ஸ்மார்ட் கொன்ட்ராக்ட் (செயின்ல தானா ஓடுற ப்ரோக்ராம்) எழுதத் தேவையே இல்ல. அப்ப மருதமுனை சாரன், பன்பாய், கஜு எண்டு ஒவ்வொண்டையும் ஒரு போஸ்டா போட்டு, வாங்குறவர் எஸ்க்ரோல காச கட்டி, சாமான் கிடைச்சதும் விட்டுட்டா சரிதானே, நடுவில கொமிசன் எடுக்க ஆருமில்ல.

எனக்கு மாட்டிரிக்கிறது என்னண்டா எஸ்க்ரோக்கு பிணக்கு வந்தா தீர்க்கிற ஒரு ஏஜென்ட் வேணும், ஆர போடுற எண்டு விளங்கல்ல. நானே நிண்டா நடுவில ஆள் இல்ல எண்டு சொன்னது பொய்யாப் போகுது. மற்றது சாமான போஸ்டா போடுறதா கஸ்டம் ஜேசனா (எப் வாசிக்கிறதுக்கு எண்டு எழுதுற சின்ன தரவுத் துண்டு) போடுறதா எண்டும் செஞ்சு பாத்த ஆக்கள் இருந்தா சொல்லுங்க. விக்கிறவர நம்பலாமா எண்டு காட்ட அங்க இரிக்கிற ரெப்யூட்டேசன் நம்பரையே எடுக்கலாம் எண்டு நினைச்சிரிக்கன்.

அக்கரைப்பற்று கோடர்:

வஅலைக்கும் ஸலாம் தம்பி. நான் கொஞ்ச நாள் இந்த செயின்ல பொட் (தானா வேலை செய்ற ப்ரோக்ராம்) எழுதித் திரிஞ்ச ஆள். ஐடியா நல்லம், ஆனா எஸ்க்ரோவ நீங்க விளங்கி வச்சிரிக்கிறதில ஒரு ஓட்டை இரிக்கு.

வாங்குறவர் காச கட்டக்குள்ள விக்கிறவர் ஆர், ஏஜென்ட் ஆர், ஏஜென்ட்ட கூலி எவ்வளவு, அதோட ரெண்டு திகதியும் எழுதணும். முதல் திகதிக்குள்ள விக்கிறவரும் ஏஜென்டும் ஓம் எண்டு கையெழுத்துப் போடணும், ஒராள் விட்டாலும் காசு கட்டினவருக்கே திரும்பிரும். ரெண்டு பேரும் போட்டா ஏஜென்ட்ட கூலி அந்த இடத்திலயே அவருக்குப் போயிரும், பிணக்கு வந்தாலும் வராட்டியும். அதுக்குப் பிறகு ரெண்டாவது திகதி வரைக்கும் வாங்கினவர் விக்கிறவருக்கு விடலாம், விக்கிறவர் வாங்கினவருக்கு திருப்பிக் குடுக்கலாம், ஆரும் தனக்கே எடுக்க ஏலா. அந்த நாளுக்குள்ள ஒராள் பிணக்கு எண்டு அமத்திட்டா ஏஜென்ட் மட்டும்தான் தீர்க்கலாம். இது வரைக்கும் வடிவு.

ரெண்டாவது திகதி தாண்டி, ஆரும் பிணக்கும் போடல்லயெண்டு வைங்க. இப்ப ரெண்டு பேர்ல ஆரும் ஆருக்கும் விடலாம், தனக்கே விடலாம். நான் என்ட ரெண்டு கணக்க வச்சு இத செஞ்சு பாத்தன், வாங்குற கணக்குக்கு ஒரு குட்டி ஸ்கிரிப்ட் எழுதி திகதி தாண்டின உடன சல்லிய தனக்கே எடுக்க வச்சன், எடுத்திட்டு. செயினப் பொறுத்தமட்டில அது களவில்ல, விதிப்படி சரி. 3 செக்கன்ல பிளாக் எண்டு சந்தோசப்பட்டீங்களே, அந்த 3 செக்கன்ல ஆர் முந்துறானோ அவன்ட சல்லி. சாரன் போய்ச் சேந்து கிழமையாகி, விக்கிற மனிசி தொழுதிட்டு படுத்த நேரம் எங்கயோ ஒருத்தன்ட ஸ்கிரிப்ட் ஓடும்.

இதுக்கு மருந்து, திகதி முடிய ஒரு நாளைக்கு முதல் காசு விடுபடல்லயெண்டா விக்கிறவர் பக்கத்தில இருந்து பிணக்கு போடணும். அதுக்கு அவட எக்டிவ் கீ, அதாவது கணக்கில இரிக்கிற காச அசைக்கிற இரகசியக் கீ, வேணும். உங்கட சேர்வர் தானா போடணுமெண்டா கீ உங்கட கையில இரிக்கணும், அப்ப நடுவில ஆளில்லாம நேருக்கு நேர் விக்கிற பியர் டு பியர் எங்க போச்சு? அந்த கீய பாத்திரிக்கீங்கதானே, 5ல தொடங்கி 51 எழுத்து. தொலைச்சா ஃபொர்கட் பாஸ்வேர்ட் எண்டு ஒரு பட்டன் கிடையாது. இத உங்கட சித்திட்ட குடுத்தா கொப்பிர கடைசிப் பக்கத்தில எழுதி வைப்பா, எங்கட உம்மாவும் அப்பிடித்தான்.

ரெப்யூட்டேசன் விசயம் வேணவே வேணாம். புதுக் கணக்கு 25ல தொடங்கும், போஸ்டுக்கும் கொமண்டுக்கும் விழுற வோட்ட வச்சு ஏறும். 70 இரிக்கிற ஆள் நல்லா எழுதுறார் எண்டோ பெரிய கையோட கூட்டு எண்டோ சொல்லலாம், பார்சல் ஒழுங்கா அனுப்புவார் எண்டு அதில ஒரு துளி தகவலும் இல்ல.

போஸ்டா ஜேசனா எண்டா, சாமான போஸ்டாவே போடுங்க, அந்த செயின்ல இரிக்கிற மத்த எப் வழியாயும் தெரியும், கேள்வியும் கொமண்ட்லயே வரும். ஸ்டொக் முடிஞ்சது, விலை மாறினது, ஓடர் எடுத்தது மாதிரி சின்ன விசயத்துக்கு கஸ்டம் ஜேசன். ஆனா 8192 பைட்டுக்கு மேல ஏறாது, அதோட உள்ளுக்க இரிக்கிறது உண்மையா பொய்யா எண்டு செயின் பாக்காது. இல்லாத சாரன ஆயிரம் தரம் வித்ததா எழுதினாலும் வாங்கி வைக்கும். எத எடுக்கிற எத தள்ளுற எண்டு உங்கட இண்டெக்சர் (செயின வாசிச்சு கடைக்கு வேண்டியத பிரிச்செடுக்கிற ப்ரோக்ராம்) தான் முடிவெடுக்கணும், அது ஓடுற சேர்வருக்கு மாசா மாசம் நீங்கதான் சல்லி கட்டணும். ஃபோட்டோவும் செயின்ல இல்ல, லிங்க் மட்டும்தான், படம் வச்சிரிக்கிற சேர்வர் போனா படமும் போச்சு.

ஓபன்பஸார் எண்டு ஒரு மார்க்கெட்பிளேஸ் 2016ல வந்திச்சு, தேடிப் பாருங்க. கொமிசன் இல்ல, வாங்குறவர், விக்கிறவர், நடுவர் எண்டு மூண்டு பேர்ல ரெண்டு பேர் கையெழுத்து போட்டா காசு விடுபடுற முறை, உங்கட ஐடியாதான் கிட்டத்தட்ட. முதல் வேர்சன்ல விக்கிறவர்ட கம்பியூட்டர நிப்பாட்டினா கடையும் பூட்டிரும், பிறகு ஐபிஎஃப்எஸ் (ஃபைல கன கம்பியூட்டர்ல பகிர்ந்து வைக்கிற முறை) போட்டு அத திருத்தினாங்க. 2021 ஜனவரியில மூடிட்டாங்க. டெக்னோலஜி பிழைச்சு மூடல்ல தம்பி, வாங்க ஆள் காணா.

மருதமுனை சாரன் கடை:

தம்பி, நான் கோடிங் ஒண்டும் தெரியாத ஆள், ஆனா ஒன்லைன்ல சாரன் வித்துத்தான் புள்ளைகள படிப்பிக்கிறன், அதால ரெண்டு சொல் சொல்றன்.

போன நோன்புக்கு முதல் ஒராள் கம்பளைப் பக்கம் நாலு சாரன் ஓடர் போட்டார், கேஷ் ஒன் டெலிவரி. பார்சல் போய் ஒம்பது நாள்ல திரும்பி வந்திட்டு. உடைச்சுப் பாத்தா உள்ளுக்க நாலு சாரன் இரிக்கி, ஆனா அதில ரெண்டு எங்கட தறி இல்ல. எங்கட சாரன்ட கரையில நூல் எண்ணி வைக்கிற ஒரு முறை இரிக்கி, தொட்டுப் பாத்த உடன தெரிஞ்சிட்டு, ஆரோ மில் சாரன மாத்தி வச்சிரிக்காங்க. அந்த மனிசனா, கொண்டு போனவங்களா, நடுவில ஆரா, எனக்குத் தெரியா, கேட்டா ஆளுக்காள் கைய விரிச்சாங்க. அண்டையில இருந்து பார்சல் கட்டக்குள்ள வீடியோ எடுக்கிறன், சாரன விரிச்சு, கரைய கிட்டக் காட்டி, மடிச்சு, டேப் ஒட்டி, மேல மாக்கரால கோடு போடுற வரைக்கும் வெட்டாம ஒரே வீடியோ, அத வாங்குறவங்களுக்கு வாட்ஸப்ல அனுப்பிட்டுத்தான் பார்சல குடுக்கிற. இந்த வீடியோ அண்டைக்கு எடுத்ததுதான், பிறகு மாத்தல்ல எண்டு காட்டுறதுக்கு உங்கட செயினால ஏலுமெண்டா எனக்கு அது போதும்.

மத்த விசயத்த கோடர் தம்பி சொல்லல்ல. செயின்ல எழுதுற எல்லாம் எல்லாருக்கும் தெரியும் எண்டு பெருமையா சொல்றாங்கதானே, எனக்கு அது பயம். நான் இண்டைக்கு எத்தின சாரன் வித்தன், ஆருக்கு, என்ன விலைக்கு எண்டு ஊரே பாக்கிறதா? எனக்கு நூல் கடன் தாற முதலாளி பாப்பார், பக்கத்து தறிக்காரர் பாப்பாங்க, கொழும்புல மொத்தமா எடுக்கிற கடைக்காரர் நான் சில்லறைக்கு என்ன விலை போட்ட எண்டு பாத்திட்டு அடுத்த தரம் விலைய அமத்துவார். வாங்குறவங்கட ஃபோன் நம்பரும் எட்ரஸும் அழிக்க ஏலாத இடத்தில கிடந்தா எனக்கு ஏச்சு விழும்.

தோஹாவிலிருந்து களுவாஞ்சிகுடியான்:

நான் இங்க இருந்து அம்மாக்கு எருமைத் தயிர் ஓடர் பண்ண ஏலுமா எண்டு பாக்க உள்ளுக்க வந்தன் கா. சட்டி உடைஞ்சு போனா எஸ்க்ரோ ஏஜென்ட் வந்து வழிச்சுப் பாப்பாரா?

சரி பகிடிய விடுங்க, என்ட கஷ்டமும் அதான். வாங்குறது நான், சாமான பாக்கிறது அம்மா. கிடைச்சது எண்டு பட்டன் அமத்த அம்மாக்கு ஏலா, நான் அமத்தினா பாக்காம அமத்துறன். காசு கட்டுற ஆளும் சாமான எடுக்கிற ஆளும் வேற எண்டு உங்கட டிசைன்ல ஒரு இடம் வைங்க, வெளிநாட்டில இரிக்கிற எங்கட ஆக்கள் முக்கால்வாசிப் பேர் அப்பிடித்தான் வாங்குறாங்க.

கணக்குப்பிள்ளை:

ஒராளும் சொல்லல்ல, அதால சொல்றன். இலங்கையில கிரிப்டோ சட்டபூர்வமான நாணயம் இல்ல எண்டு மத்திய வங்கி 2018, 2021, 2022 எண்டு திருப்பித் திருப்பி அறிவிச்சிரிக்கு. நம்மட டெபிட், கிரெடிட் கார்டால அத வாங்கவும் அனுமதி இல்ல. அப்ப பாய் வித்து எச்பிடியில காசு எடுத்த சித்தி அத ரூபாவாக்க எங்க போவா? தெரியாத ஒருத்தன்ட டெலிகிராம்லதான் போய் நிப்பா. ஆள்ட விபரத்த எழுதி வைக்கிறதெண்டா 2022ம் ஆண்டு 9ம் இலக்க தனிப்பட்ட தரவு பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருக்கா வாசிங்க, அதில அழிக்கச் சொல்லிக் கேக்கிற உரிமை இரிக்கு, செயின்ல அழிக்கிறது எண்ட பேச்சுக்கே இடமில்ல.

கல்லாத்துப் பொடியன்:

கோடர் காக்கா, அந்த திகதி விசயத்த டொக்குமெண்ட்ல ஒருக்கா வாசிச்சிட்டுத்தான் தாண்டிப் போயிரிக்கன், இப்ப திரும்பப் பாத்தா நீங்க சொன்ன மாதிரியே எழுதிக் கிடக்கு. தலையில கைய வச்சிட்டன்.

சாரன் கடை ராத்தா சொன்னதும் கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்னதும் சேத்துப் பாத்தா காச செயினுக்குள்ள கொண்டு வாறதே பிழை போல. இப்பிடிச் செஞ்சா எப்பிடி எண்டு சொல்லுங்க: காசு வழமை போல பேங்க் வழியாவோ சாமான் குடுக்கக்குள்ளயோ. பார்சல் கட்டுற வீடியோவ எப் எடுக்கும், அதுக்கு ஒரு ஹேஷ் (ஃபைல்ட கைரேகை மாதிரி ஒரு குறி, ஃபைல் கொஞ்சம் மாறினாலும் அதுவும் மாறிரும்) போட்டு அத மட்டும் செயின்ல எழுதும், பேர், விலை, நம்பர் ஒண்டும் போகாது. வீடியோ ரெண்டு பேர்ட ஃபோன்லயும் இரிக்கும். பிறகு பிரச்சினை வந்தா இது அண்டைக்கு எழுதின அதே வீடியோதான் எண்டு ஆருக்கும் காட்டலாம். பார்சல் எடுக்கிற ஆளும் உடைக்கிற வீடியோக்கு அப்பிடியே ஒரு ஹேஷ், அது அம்மாவாவும் இரிக்கலாம் மகனாவும் இரிக்கலாம்.

அக்கரைப்பற்று கோடர்:

இது ஏலும், போஸ்டிங் கீயே (காச தொடாம எழுத மட்டும் பாவிக்கிற கீ) போதும், எக்டிவ் கீய தொடத் தேவல்ல. ஆனா ஒண்டு, வாட்ஸப் வீடியோவ சுருக்கித்தான் அனுப்பும், ஹேஷ் மாறிரும். ஒரிஜினல் ஃபைல டொக்குமெண்டா அனுப்பப் பழக்குங்க, இல்லாட்டி முதல் பிணக்குலயே மாட்டுவீங்க. அதோட ஹேஷ் சொல்றது இந்த வீடியோ இந்த நேரம் இருந்திச்சு எண்டு மட்டும்தான், டேப் ஒட்டின பிறகு ஆரும் கை வைக்கல்ல எண்டு சொல்லாது.

எந்த செயின் எண்டும் எப்ல பதிஞ்சு வைங்க. 2020 மார்ச் 20ல ஸ்டீம்ல இருந்து ஹைவ் பிரிஞ்ச நேரம் அது வரைக்கும் எழுதின எல்லாம் ரெண்டு பக்கமும் இருந்திச்சு. ஸ்டீம தொடங்கின ஸ்டீமிட் கம்பனிய ட்ரோன் செயின்ட ஆள் ஜஸ்டின் சன் வாங்கினதும், கொயின் வாங்கி விக்கிற பெரிய எக்ஸ்சேஞ்ச்கள் கஸ்டமர்ட கொயின வச்சு வோட் போட்டு விட்னஸ்மார (பிளாக் எழுத வோட்டால தெரிவான ஆக்கள்) மாத்தினதும் அந்த நேரம்தான். அழிக்க ஏலாது எண்டு நம்பிப் போறீங்க, சரி, ஆனா ரெண்டாப் பிரியும்.

மருதமுனை சாரன் கடை:

ஹேஷ் எண்டா என்னண்டு எனக்கு விளங்கல்ல, வீடியோ எடுக்கிற நான் எப்பவும் எடுக்கிறதுதான், அதில ஒரு பட்டன் கூட அமத்துறதெண்டா அமத்திட்டுப் போறன். முதல்ல வந்து பார்சல் எப்பிடிக் கட்டுறன் எண்டு பாருங்க தம்பி. ஃபோன பிடிக்க ஒரு கை, சாரன விரிக்க ரெண்டு கை, எனக்கு மொத்தம் ரெண்டுதான் இரிக்கி, மகள் ஸ்கூல் விட்டு வந்தாத்தான் வீடியோ. சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வாங்க, சித்தியையும் கூட்டி வாங்க.