பள்ளி நூலகத்தில் நூல்களை எம்முறையில் அடுக்குவது?

கேள்வி (உயர்நிலைப் பள்ளி ஆசிரியை, பேரணாம்பட்டு வட்டாரம்)
அனைவருக்கும் வணக்கம். இரும்பு பீரோக்களில் பூட்டிக் கிடந்த நூல்களைத் திறந்த அலமாரிகளுக்கு மாற்றத் தலைமையாசிரியர் இசைந்துள்ளார். நூலகர் பணியிடம் இல்லாததால் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டூயி தசமப் பகுப்பின்படி எண்ணிடத் தொடங்கினால், கதை, கவிதை, நாடகம் என எதை எடுத்தாலும் 894.811 என்னும் தமிழ் இலக்கிய எண்ணிலேயே வந்து குவிகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தாமே தேடி எடுக்கும்படி எவ்வாறு பிரிப்பது? உருது நூல்களும் சில உள்ளன.

பதில் 1 (ஓய்வுபெற்ற நூலகர், வேலூர்)
அம்மா, பகுப்பெண்ணுக்கு முன் இருப்புப் பதிவேட்டை முடித்துவிடுங்கள். வரிசை எண் தலைப்புப் பக்கத்திலும், நீங்களே முடிவு செய்துகொண்ட ஓர் உட்பக்கத்திலும் இருக்க வேண்டும். அட்டை கிழிந்த நூலை அடையாளம் காண அந்த உட்பக்கமே உதவும்.

டூயி முறையில் 894.811க்குப் பின் 1 சேர்த்தால் கவிதை, 2 நாடகம், 3 புனைகதை. பள்ளிக்கு அவ்வளவு நீளமான எண் தேவையில்லை. பாட நூல்களுக்குத் துணையானவற்றுக்கு மட்டும் 510 கணிதம், 590 விலங்குகள், 954 இந்திய வரலாறு என மூன்று இலக்கங்களோடு நிறுத்திக்கொண்டு, இலக்கியத்துக்குக் ‘கவி’, ‘நாட’, ‘கதை’ என எழுதி, அதன்கீழ் ஆசிரியர் பெயரின் முதலெழுத்தை இடலாம். பெயருக்கு முன் வரும் தலைப்பெழுத்தைக் கணக்கில் கொள்ள வேண்டாம். அது பெரும்பாலும் தந்தை பெயரையோ ஊரையோ குறிப்பது. புனைபெயரில் எழுதியவரை அட்டையில் உள்ள பெயரிலேயே வையுங்கள். இவற்றை எழுதிய சீட்டை நூல் முதுகின் அடியிலிருந்து ஒரே உயரத்தில் ஒட்டுங்கள். நம் ஊர்க் கோடை வெயிலில் ஒட்டுநாடா சுருண்டு பசை பக்கங்களில் இறங்கிவிடும் என்பதால், கோந்து தடவிய தாள் சீட்டே நல்லது. அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். கரையான் அவ்வழியாகத்தான் ஏறும்.

பதில் 2 (தமிழாசிரியர், காட்பாடி)
ஐயா கூறியது மேல்வகுப்புகளுக்குப் பொருந்தும். ஆறாம் வகுப்பு மாணவன் ஆசிரியர் பெயரைத் தேடி வருவதில்லை. தன்னால் படித்து முடிக்கக்கூடிய நூலையே தேடுகிறான். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்களில் உள்ள நுழை, நட, ஓடு, பற என்னும் நான்கு நிலைகளையே கதைப் பகுதி முழுவதற்கும் விரித்து, நிலைக்கு ஒரு வண்ணப் பட்டை ஒட்டலாம். ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களை முதுகு தெரிய அடுக்கினால் ஒருவரும் தொடமாட்டார்கள். முகப்பு தெரியச் சாய்த்து வையுங்கள்.

பதில் 1 (மீண்டும்)
வண்ணப் பட்டை எனக்கும் உடன்பாடே. வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்று சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இலேயே விதி வகுத்தார்; பகுப்பு அதற்கான கருவிதான். ஆனால் பட்டையோடு எழுத்துச் சீட்டும் இருக்கட்டும், இல்லையேல் திரும்பி வரும் நூலை அதன் இடத்தில் வைக்க நீங்கள் ஒருவரே ஓட வேண்டியிருக்கும்.

உருது நூல்களைத் தமிழ் நூல்களிடையே கலக்காதீர்கள். அவை வலமிருந்து இடமாகத் திறப்பவை. தமிழ் நூலைப் போல வைத்தால் பின்னட்டையே முன்னால் தெரியும். தனித் தட்டு ஒதுக்கி, சீட்டை உருது அறிந்த மாணவரைக் கொண்டே எழுதச் செய்யுங்கள்.

உள்ளூர் வரலாற்றுக்கும் ஒரு தட்டு வேண்டும். 1806 வேலூர்ப் புரட்சி பற்றிய நூலையும், வட ஆற்காடு என்று அச்சிட்ட பழைய நூலையும், 2019 வேலூர் மாவட்டப் பிரிவினைக்குப் பின் திருப்பத்தூர், ராணிப்பேட்டை பற்றி வந்தவற்றையும் அங்கேயே சேர்த்து வையுங்கள்.