ஹைப்ரிட் எஸ்யூவி: பேட்டரி, இன்வெர்ட்டர் இரண்டும் போச்சு என்கிறார்கள். கார் விலையில் பாதி செலவாம்!

மலைப்பாதை

வணக்கம். 3 வருடத்துக்கு முன்பு ஆசைப்பட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கிய சொகுசு ஹைப்ரிட் எஸ்யூவி. வண்டிக்கு வயது 11, ஓடியது 1,60,000 கிலோமீட்டர். ஆயில், டயர், பிரேக் பேட் தவிர இதுவரை பெரிய செலவே வைத்ததில்லை.

போன வாரம் ஒரு நீளமான ஏற்றம். வண்டியில் 6 பேர், டிக்கி நிறைய மூட்டை, ஏசி முழு வேகத்தில். பாதி ஏறும்போது சிவப்பு முக்கோணம் எரிந்து, ‘ஹைப்ரிட் சிஸ்டத்தைச் சரிபார்க்கவும்’ என்று வந்தது. எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்கவில்லை. ஓரங்கட்டி 20 நிமிடம் அணைத்து வைத்தேன். மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது. இரண்டு நாள் கழித்து டிராஃபிக்கில் அதே கதை.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டுவிட்டு, ஹைப்ரிட் பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் மாற்ற வேண்டும் என்றார்கள். கொட்டேஷனைப் பார்த்ததும் தலை சுற்றிவிட்டது. இன்றைக்கு காரை விற்றால் வரும் பணத்தில் பாதிக்கு மேல். செலவழிப்பதா, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா? வீட்டில் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறோம்.

பழைய ஸ்பேனர்

தம்பி, முதலில் கோட் நம்பர், அதாவது கார் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த பழுது எண், என்ன? ‘ஸ்கேன் செய்தோம், பேட்டரி போச்சு’ என்பது அறிக்கை ஆகாது. பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். கோட் பதிவான நொடியில் வெப்பம், வோல்டேஜ், வேகம் எல்லாம் எவ்வளவு இருந்தது என்று கம்ப்யூட்டர் ஒரு ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ எடுத்து வைத்திருக்கும். அதையும் கேளுங்கள். அதற்குள் யாரும் கோடை அழித்துவிட வேண்டாம். அழித்தால் அந்தப் பதிவும் அதோடு போய்விடும்.

இரவு ஓட்டுநர்

12 வோல்ட் பேட்டரியைப் பார்த்தீர்களா? என் ஹைப்ரிட்டில் அது வலுவிழந்தபோது டாஷ்போர்டு முழுக்க விளக்குத் திருவிழா. சின்ன பேட்டரியை மாற்றியதும் எல்லாம் அணைந்துவிட்டது.

மலைப்பாதை

12 வோல்ட் பேட்டரி போன வருடம்தான் மாற்றினேன். மீட்டர் வைத்துப் பார்த்தேன், 12.6 காட்டுகிறது. பிரிண்ட் கேட்டதும் கொஞ்சம் முகம் சுளித்தார்கள், ஆனால் கொடுத்தார்கள். இரண்டு கோட்: பி0ஏ93, பி0ஏ80. முதலாவது இப்போதும் நிற்கிறது. இரண்டாவது பழைய பதிவு என்று போட்டிருக்கிறது. அதன் ஃப்ரீஸ் ஃப்ரேமில் பேட்டரி வெப்பம் 52 டிகிரி, ஃபேன் உச்ச வேகம்.

பழைய ஸ்பேனர்

இப்போதுதான் கதை பிடிபடுகிறது. பி0ஏ93 என்றால் இன்வெர்ட்டரின் குளிரூட்டும் அமைப்பு சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இன்வெர்ட்டர் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பேட்டரியின் டிசி கரண்டை மோட்டாருக்கான ஏசி கரண்டாக மாற்றும்போது இன்வெர்ட்டர் நன்றாகச் சூடாகும். அதற்கென்று தனி கூலண்ட், தனி டப்பா, மின்சாரத்தில் ஓடும் ஒரு சின்ன பம்ப் இருக்கும். பம்ப் நின்றால் ஏற்றத்திலும் டிராஃபிக்கிலும் சூடேறி, கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பவரைக் குறைக்கும். ஆறினதும் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல ஓடும். உங்கள் வண்டி செய்வது அப்படியே அதுதான்.

நீங்களே பார்க்கலாம். எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது இன்வெர்ட்டர் கூலண்ட் டப்பாவின் மூடியைத் திறந்து, வண்டியை ரெடி நிலையில் (ஸ்டார்ட் செய்து, ‘ரெடி’ விளக்கு எரியும் நிலை) வையுங்கள். பல வண்டிகளில் டப்பாவுக்குள் கூலண்ட் சுழன்று அலையடிப்பது கண்ணுக்குத் தெரியும். குளம்போல அசையாமல் கிடந்தால் பம்பைச் சந்தேகப்படுங்கள். பம்பின் ஃப்யூஸ், ரிலே, அப்புறம் லைனில் காற்று அடைத்திருக்கிறதா, இதையும் பார்த்த பிறகுதான் இன்வெர்ட்டர் பேச்சையே எடுக்க வேண்டும்.

பி0ஏ80 வேறு விஷயம். அதன் பெயரிலேயே ‘ஹைப்ரிட் பேட்டரியை மாற்றவும்’ என்று இருப்பதால் பலர் அதை உத்தரவாக எடுத்துக்கொள்கிறார்கள். பேட்டரிக்குள் செல்களைச் சேர்த்துக் கட்டிய பகுதிகளைத்தான் பிளாக் என்கிறோம். அந்தப் பிளாக்குகளுக்கு இடையே வோல்டேஜ் வித்தியாசம் அளவை மீறியது, அவ்வளவுதான் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அது ஏன் மீறியது என்று நாம்தான் தேட வேண்டும். 52 டிகிரியில் ஃபேன் உச்ச வேகத்தில் ஓடியும் ஆறவில்லை என்றால் காற்று போகவில்லை. பின் சீட் பக்கத்தில் பேட்டரிக்குக் காற்று போகும் ஒரு கிரில் இருக்கும், பாருங்கள்.

சொந்தக்கை

பேட்டரி மூடியைக் கழற்றி மீட்டர் வைத்துப் பாருங்கள் ப்ரோ. உள்ளே வரிசையாக இருக்கும் சின்னப் பெட்டிகளில் (மாட்யூல்) கெட்ட மாட்யூலை மட்டும் மாற்றினால் செலவு கால்வாசிதான். வீடியோக்களில் எல்லாம் செய்கிறார்கள்.

பழைய ஸ்பேனர்

தயவுசெய்து வேண்டாம். ஆரஞ்சு வயர் எங்கே போகிறதோ அங்கே உயிர்போகும் டிசி இருக்கிறது. 12 வோல்ட் இணைப்பைக் கழற்றிவிட்டால் பெரிய பேட்டரி அடங்கிவிடாது. பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கினாலும் பேட்டரி பேக்குக்குள் செல்கள் உயிரோடுதான் இருக்கும். இன்வெர்ட்டரில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் வடிய 10 நிமிடம் காத்திருந்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே நான் கை வைப்பேன். அப்போதும் 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை, அதுவும் ஓட்டை இல்லையா என்று காற்றடைத்துப் பார்த்துவிட்டுத்தான். 30 வருடம் இந்த வேலையில் இருக்கிறேன். பயம் போகவில்லை, போகவும் கூடாது.

இன்னொன்று. பழைய கூட்டத்தில் ஒரே ஒரு புது மாட்யூலைச் சொருகினால், சில மாதத்தில் அடுத்த கிழம் படுக்கும். அதை மாற்றினால் இன்னொன்று.

கணக்குப்பிள்ளை

மெக்கானிக் விஷயம் அண்ணா சொல்லிவிட்டார். நான் பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். பழுதோடு விற்றால் வருவது, சரிசெய்து விற்றால் வருவது, இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தோடுதான் ரிப்பேர் செலவை ஒப்பிட வேண்டும். நல்ல நிலையில் போகும் விலையை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் சிவப்பு முக்கோணம் எரியும் வண்டிக்கு அந்த விலையை யாரும் தரமாட்டார்கள். அதை மறைத்து விற்கவும் கூடாது.

கொட்டேஷனில் பாகம், கூலி, சோதனைக் கட்டணம் மூன்றையும் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, ஏதாவது ரீகால் நிலுவையில் இருக்கிறதா, ஹைப்ரிட் பாகங்களுக்குத் தனி உத்தரவாதம் மிச்சம் இருக்கிறதா என்று தயாரிப்பாளரிடமே கேளுங்கள். அது காரின் பொது உத்தரவாதத்தைவிட நீளமாக இருப்பதுண்டு. 11 வயதுக்கு மிச்சம் இருக்குமா என்பது சந்தேகம்தான், ஆனால் கேட்பதற்குக் காசு இல்லை. இன்ஷூரன்ஸை நம்பாதீர்கள். சாதாரண பாலிசி தேய்மானத்துக்குத் தராது.

வேறொரு ஹைப்ரிட் மெக்கானிக்கிடம் சோதனைக்கு மட்டும் பணம் கட்டுங்கள். மொத்தச் செலவில் அது தூசு. பேட்டரி உண்மையாகவே போயிருந்தால், மறுசீரமைத்த பேக் வாங்கும்போது எத்தனை மாத உத்தரவாதம், எடுத்து மாட்டும் கூலியும் அதில் அடக்கமா, பழைய பேக்கைத் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மலைப்பாதை

கிரில்லைப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது. 3 வருடமாக எங்கள் நாய் அந்த மூலையில்தான் படுத்து வருகிறது. உள்ளே ஃபில்டரில் கம்பளித் துண்டுபோல ஒரு விரல் தடிமனுக்கு ரோமம். சுரண்டி எடுத்தால் இன்னொரு நாய்க்குட்டி செய்துவிடலாம்.

கூலண்ட் டப்பாவையும் திறந்தேன். அலையே இல்லை. குளம்தான்.

பழைய ஸ்பேனர்

நாய்மேல் கோபப்படாதீர்கள். கிரில்லை மட்டும் சுத்தம் செய்தால் போதாது, ஃபேன் இறக்கைகளிலும் ஒட்டியிருக்கும். அதை மெக்கானிக் கழற்றிச் சுத்தம் செய்யட்டும். பம்ப் மாற்றும்போது தயாரிப்பாளர் சொன்ன கூலண்டையே ஊற்றி, காற்றை முழுக்க வெளியேற்ற வேண்டும். அப்புறம் வண்டியை ஓட்டிக்கொண்டே, சுமை ஏறும்போது ஒவ்வொரு பிளாக்கின் வோல்டேஜும் எவ்வளவு இறங்குகிறது என்று பதிவெடுக்கச் சொல்லுங்கள். நிறுத்திவைத்து அளந்தால் எல்லாப் பிளாக்கும் உத்தமர்தான்.

மலைப்பாதை

10 நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வேறொரு இடத்தில் கொடுத்தேன். பம்ப் செத்திருந்தது, மாற்றியாயிற்று. ஃபேன் சுத்தம் செய்தாயிற்று. அதே ஏற்றம், அதே 6 பேர், முக்கோணம் வரவில்லை. செலவு முதல் கொட்டேஷனில் 20-ல் ஒரு பங்குகூட இல்லை.

பேட்டரி பற்றி மட்டும் முழு நிம்மதி இல்லை. சும்மா நிற்கும்போது பிளாக்குகள் எல்லாம் 15.6-க்குப் பக்கம். மிதித்து ஏறும்போது நடுவில் இருக்கும் இரண்டு மட்டும் மற்றவற்றைவிட 0.7 வோல்ட் கூடுதலாக இறங்குகின்றன.

பழைய ஸ்பேனர்

நடுவில் இருப்பவைதான் அதிகம் வேகும், அதனால் முதலில் தளரும். ஒரு செல் முழுக்கச் செத்திருந்தால் நிற்கும்போதே 1.2 வோல்ட் குறைந்திருக்கும். உங்களுக்கு அந்த நிலை வரவில்லை. ஓட்டுங்கள், 3 மாதத்துக்கு ஒரு தடவை இதே அளவை எடுத்து எழுதி வையுங்கள். இடைவெளி கூடிக்கொண்டே போனால் பேக் மாற்றத் தயாராகுங்கள்.

கணக்குப்பிள்ளை

மிச்சமான பணத்தில் மாதம் ஒரு தொகையை ‘பேட்டரி’ என்று பெயர் போட்டுத் தனியாக எடுத்து வையுங்கள். ஒரு வருடம் ஓடினால்கூட, அப்போது அவசரக் கடன் வாங்க வேண்டியிருக்காது.

மலைப்பாதை

ஆரம்பித்துவிட்டேன். பழைய பம்பைக் கேட்டு வாங்கி வந்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். உள்ளங்கையில் அடங்குகிறது. நாய்க்கு இப்போது முன் பக்கம் இடம் மாற்றியாயிற்று, அதற்குத்தான் வீட்டில் இன்னும் எதிர்ப்பு.